ஜப்பானில் குடியேறிய சொற்கள்

மொழிகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் என்றும் உண்டு. பொன்னையும் பொருளையும் கடன் வாங்கியவர் ஒருநாள் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். சொல்லைக் கடன் வாங்கியவருக்கு அந்தக் கவலை இல்லை. கொடுத்தவருக்கும் அதனால் குறைவு ஏதுமில்லை. ஆயினும், தாம் கொடுத்த சொல்லைப் பின்னொரு நாள் வாங்கியவர் வீட்டில் சந்திக்க நேரும்போது கொடுத்தவர் திகைத்துப் போகிறார். முகம் பழகியதாகத் தோன்றுகிறது. உடையும் நடையும் மாறியிருக்கின்றன. செய்யும் தொழிலோ முற்றிலும் வேறாகிவிட்டது. 'இவர் நம்மவர்தாமே' என்று உரிமையோடு நெருங்குகிறவர் ஏமாந்து நிற்கிறார். அந்த ஏமாற்றத்தில்தான் நகைச்சுவை பிறக்கிறது.

இதற்குச் சுவையான சான்றுகளை அள்ளித் தரும் மொழி ஜப்பானிய மொழி. 1859-ஆம் ஆண்டில் யோகஹாமாத் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அங்கே குடியேறினர். தம் நாய்களையும் உடன் கொண்டுவந்தனர். அவர்கள் தம் நாய்களை 'கம் ஹியர்' என்று கூப்பிடுவதை ஊரார் கேட்டனர். 'இங்கே வா' என்பது அதன் பொருள் என அவர்கள் அறியார். மேனாட்டு நாய்க்குக் 'கமே' என்பதுதான் பெயர் போலும் என முடிவு கட்டிவிட்டனர். ஜப்பானிய மொழியில் 'கமே' என்றால் ஆமை! இவ்வாறு, துள்ளிக் குதித்தோடும் வெள்ளைக்காரர் வீட்டு நாய், மெய்ஜி மன்னர் காலத்து ஜப்பானில் ஆமையின் பெயரைத் தாங்கி உலவிற்று.

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். சிரிப்பது எளிது. ஆனால் இத்தகைய சொற்கள் எவ்வாறு வந்தன, வந்தபின் என்னவாயின, சிரிப்பு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பவற்றையும் எண்ணிப் பார்த்தால், அதில் ஒரு நாட்டின் நானூற்றைம்பது ஆண்டு வரலாறே அடங்கியிருப்பதைக் காணலாம்.

ஒரே கப்பலில் வந்த பொத்தான்

ஜப்பானுக்குள் நுழைந்த முதல் ஐரோப்பியச் சொற்கள் ஆங்கிலச் சொற்கள் அல்ல. 1543-ஆம் ஆண்டில் தனெகஷிமா என்னும் தீவில் போர்ச்சுகீசியர் சிலர் கரை ஒதுங்கினர். அவர்களோடு துப்பாக்கியும் வந்தது, சொற்களும் வந்தன. ரொட்டியை ஜப்பானியர் 'பான்' என்றனர். இலங்கைத் தமிழர் 'பாண்' என்று சொல்வதும் அதே போர்ச்சுகீசியச் சொல்லைத்தான். சட்டையின் பொத்தானை ஜப்பானியர் 'பொத்தன்' என்கின்றனர். நம் 'பொத்தான்' பிறந்ததும் அதே 'பொத்தாவோ' என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்துதான். ஒரு நாட்டுக் கப்பல்கள் கிழக்கு நோக்கி வந்த வழியெங்கும் ஒரே சொல்லை இறக்கிவிட்டுச் சென்றிருக்கின்றன.

இன்னொரு செய்தி நமக்கு மேலும் வியப்பூட்டுவது. ஜப்பானியர் கிமோனோ என்னும் மேலங்கிக்குள் அணியும் உள்ளாடையின் பெயர் 'ஜுபன்'. இன்று அதைத் தம் மரபுடை என்றே அவர்கள் கருதுகின்றனர். அப்பெயர் போர்ச்சுகீசியரின் 'ஜிபாவோ' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேரோ 'ஜுப்பா' என்னும் அரபுச் சொல்! நாம் வெளியே அணியும் ஜுப்பா, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு ஜப்பானை அடைந்தபோது, கிமோனோவுக்குள் ஒளிந்துகொண்டது.

இந்தத் தொடக்கக் காலத்திலேயே பெருந்தவறு ஒன்றும் நேர்ந்தது. தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் சமயப்பணி செய்து நாம் பெயரறிந்த பிரான்சிஸ் சேவியர், 1549-இல் ககோஷிமாவில் வந்திறங்கினார். இறைவன் என்பதற்கு ஜப்பானியச் சொல் எது என்று அவர் தேடினார். உடனிருந்த ஜப்பானியர் 'தைனிச்சி' என்னும் சொல்லைத் தந்தார். அதுவோ பௌத்தத்தின் ஷிங்கோன் பிரிவினர் போற்றும் புத்தரின் பெயர். தம் புத்தரையே இந்த வெளிநாட்டவர் புகழ்கிறார் என்று எண்ணிய துறவியர் அவரை மகிழ்ந்து வரவேற்றனர். 1551-இல் உண்மையை உணர்ந்த சேவியர் அச்சொல்லைக் கைவிட்டு, 'தெயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கத் தொடங்கினார். அது ஜப்பானியர் செவியில் 'தை உஸோ' என்பதுபோல் ஒலித்தது. 'பெரும் பொய்' என்பது அதன் பொருள்! எதிர்ப்பாளருக்கு இதைவிட நல்ல ஆயுதம் வேறு வேண்டுமோ?

உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் பழைய பொருள் ஒட்டிக்கொண்டு வருகிறது. அயற்சொல்லை அப்படியே இறக்கினால் புதிய பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. மொழிபெயர்ப்போரின் இந்த இக்கட்டு ஜப்பானில் அன்றே தொடங்கிவிட்டது.

டச்சுக்காரர் தந்த கண்ணாடி

பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானிய ஆட்சியாளர் போர்ச்சுகீசியரை வெளியேற்றினர். ஐரோப்பியருள் டச்சுக்காரருக்கு மட்டுமே வணிக உரிமை எஞ்சியது. 1641 முதல் அவர்களும் நாகசாகித் துறைமுகத்தில் உள்ள தெஜிமா என்னும் செயற்கைத் தீவுக்குள் அடைக்கப்பட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஐரோப்பாவை நோக்கிய ஜப்பானின் சன்னல் அந்தச் சிறு தீவு ஒன்றே.

அந்தச் சன்னல் வழியே வந்த சொற்களிலும் அரபு மணம் உண்டு. அரபியரின் 'கஹ்வா' துருக்கியர் வாயில் மாறி, டச்சுக்காரரின் 'கோஃபி' ஆகி, ஜப்பானில் 'கோஹீ' ஆயிற்று. கண்ணுக்கு இடும் சுர்மாவின் நுண்பொடியைக் குறித்த 'அல்-குஹ்ல்' என்னும் அரபுச் சொல், ஐரோப்பிய வேதியியலாரின் கையில் சாராயத்தின் சாரத்தைக் குறிக்கலாயிற்று. டச்சுக்காரர் வழியே அது ஜப்பானில் 'அருக்கோரு' ஆயிற்று. கண்ணுக்கு அழகூட்டும் பொருளின் பெயர் கண்ணை மயக்கும் பொருளின் பெயராக மாறியதை என்னென்பது!

டச்சு மொழியில் கண்ணாடிக்கு 'கிளாஸ்' என்று பெயர். ஜப்பானியர் அதை 'கராஸு' என்று வாங்கிச் சன்னல் கண்ணாடிக்கு வைத்துக்கொண்டனர். பின்னர் ஆங்கிலத்திலிருந்து அதே 'கிளாஸ்' மீண்டும் வந்தது. இதைக் 'குராஸு' என்று ஒலித்துக் குடிக்கும் குவளைக்கு வைத்துக்கொண்டனர். உடைந்த சன்னலுக்குக் 'குராஸு' வேண்டும் என்று கேட்கும் ஆங்கிலேயருக்குக் குவளைதான் கிடைக்கும். இதேபோல் 'கார்டு' என்னும் ஒரு சொல் மூன்று முறை வந்தது. போர்ச்சுகீசியர் வழி வந்த 'கருட்டா' விளையாட்டுச் சீட்டைக் குறிக்கிறது. மெய்ஜி காலத்தில் ஜப்பானிய மருத்துவர்கள் ஜெர்மானியரிடம் பாடம் கற்றதால் வந்த 'கருட்டே' மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பேட்டைக் குறிக்கிறது. ஆங்கிலம் வழி வந்த 'காடோ' மற்ற அட்டைகளைக் குறிக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர், மூன்று கப்பல்களில் வந்திறங்கி, ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஊரில் தனித்தனி வேலை பார்க்கின்றனர்.

'எனக்கு டச்சு பேசத் தெரியும்'

ஆங்கிலம் அச்சத்தோடு வந்த மொழி. 1808-இல் 'ஃபேட்டன்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நாகசாகிக்குள் புகுந்தது. வரவேற்கச் சென்ற டச்சுக்காரர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு உணவும் நீரும் கேட்டது. தடுக்க இயலாத அவமானம் தாளாமல் நாகசாகியின் ஆளுநர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான், டச்சு மொழி மட்டும் போதாது, ஆங்கிலமும் கற்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளருக்கு அரசு ஆணையிட்டது. ஆங்கிலம் கற்பிக்க அப்போது கிடைத்த ஆசிரியரும் டச்சுக்காரரே! 1814-இல் அவர்கள் ஓர் ஆங்கில - ஜப்பானிய அகராதியைத் தொகுத்து முடித்தனர்.

1853-இல் அமெரிக்கத் தளபதி பெரி தம் போர்க்கப்பல்களோடு வந்து ஜப்பானின் கதவைத் தட்டினார். கப்பலை நெருங்கிய படகில் ஹோரி தட்ஸுனொசுகே என்னும் மொழிபெயர்ப்பாளர் நின்றிருந்தார். அவர் உரக்க நல்ல ஆங்கிலத்தில் சொன்ன முதல் வாக்கியம், 'எனக்கு டச்சு பேசத் தெரியும்' என்பது. அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய ஆங்கிலம் தீர்ந்துவிட்டதாக அமெரிக்கர் தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்தனர். படிப்போர் நகைக்கின்றனர். ஆனால் அந்த மனிதர் அதோடு நின்றுவிடவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1862-இல், ஆங்கில - ஜப்பானிய அகராதி ஒன்றின் தலைமைத் தொகுப்பாளராக அவர் திகழ்ந்தார். நகைத்தவர்கள் இதையும் எழுதிவைத்திருக்கலாம்.

ஃபுகுசாவா யுகிச்சியின் வரலாறும் இத்தகையதே. 1984 முதல் 2024 வரை வெளியிடப்பட்ட 10,000 யென் நோட்டுகளை அலங்கரித்த முகம் அவருடையது. இளமையில் பல்லாண்டுகள் இராப்பகலாக டச்சு மொழி கற்றவர் அவர். 1859-இல் புதிதாகத் திறந்த யோகஹாமாவுக்கு ஆவலோடு நடந்து சென்றார். அங்கே கடைப்பலகைகளைப் படிக்க முடியவில்லை. புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளும் புரியவில்லை. அவர் பேசிய டச்சு அங்கே பெரும்பாலோருக்கு விளங்கவில்லை. கற்றதெல்லாம் வீணாயிற்றே என்று மனம் சோர்ந்து திரும்பினார். ஆனால் மறுநாளே ஆங்கிலம் கற்பதென்று உறுதி பூண்டார். தம் வாழ்க்கை வரலாற்றில் இதை அவரே கூறியுள்ளார்.

சொற்களைக் கடன் வாங்குவதா, புதிதாகப் படைப்பதா என்னும் வினா அப்போதே எழுந்தது. ஆங்கிலப் பொருளியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்த ஃபுகுசாவா, வணிகப் 'போட்டி' என்பதற்குச் சீன எழுத்துகளைக் கொண்டு 'கியோசோ' என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். அதன் இரண்டாம் எழுத்துக்குச் 'சண்டை' என்று பொருள். அரசின் நிதி அதிகாரி ஒருவர் அதைக் கண்டு முகம் சுளித்தார். இப்படிக் கலகம் தொனிக்கும் சொல்லை மேலிடத்தாரிடம் காட்ட முடியாது என்றார். ஃபுகுசாவா அச்சொல்லை மையால் மறைத்துக் கொடுத்துவிட்டார். பின்னாளில் அந்தச் சொல்லே ஜப்பானெங்கும் நிலைத்துவிட்டது.

காதால் வாங்கிய சொற்கள்

அறிஞர்கள் எழுத்துகளைக் கூட்டிச் சொல் சமைத்துக்கொண்டிருக்க, அங்காடி மக்கள் காதால் கேட்டதை வாயால் வாங்கிக்கொண்டனர். ஜப்பானிய மொழியில் பெரும்பாலும் மெய்யெழுத்து ஒன்றின்பின் உயிரெழுத்து வந்தாக வேண்டும். லகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே 'ஸ்ட்ரைக்' என்னும் சிறு சொல் 'ஸுட்டொரைக்கு' என நீண்டுவிடுகிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பேஸ்பால் ஆட்டத்தில் வருவது 'ஸுட்டொரைக்கு'. தொழிலாளர் செய்யும் வேலைநிறுத்தம் 'ஸுட்டொரைக்கி'. கடைசி உயிர் ஒன்று மாறினால் ஆடுகளம் தொழிற்சாலை வாயிலாகிவிடும்!

லெமனேட் என்னும் எலுமிச்சைப் பானம் 'ராமுனே' ஆயிற்று. அமெரிக்கக் கோதுமை மாவு 'மெரிக்கன் மாவு' ஆயிற்று. 'மெஷின்' என்னும் பொதுச்சொல் 'மிஷின்' எனச் சுருங்கித் தையல் எந்திரத்துக்கு மட்டும் உரிமையாயிற்று. கழுத்துப்பட்டை உயர்ந்த மேனாட்டுச் சட்டையணிந்து திரிந்தவர்களைக் கேலி செய்ய, 1900-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் 'ஹை காலர்' என்னும் தொடர் 'ஹைகரா' ஆயிற்று. பிறகு அந்தக் கேலி மறைந்து, 'நாகரிகமானது' என்னும் பாராட்டாக நிலைத்தது.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது வெள்ளைச் சட்டையின் கதை. 'ஒயிட் ஷர்ட்' என்பதில் ஜப்பானியர் செவிக்கு எட்டியது 'வை ஷட்ஸு' மட்டுமே. 'வை' என்பதை ஆங்கில எழுத்தாகக் கொண்டு, அவ்வெழுத்தையே முன்னே இட்டு எழுதும் வழக்கமும் வந்தது. வெண்மை மறைந்தது, எழுத்து மட்டும் எஞ்சியது. இன்று ஜப்பானியக் கடையில் நீல நிற 'வெள்ளைச் சட்டை' தடையின்றி விற்பனையாகிறது.

பகைவரின் சொல்

சொற்களைச் சிரிப்போடு வரவேற்ற அந்த நாடே ஒரு காலத்தில் அவற்றைச் சினத்தோடு விரட்டியது. 1940-இல் கேளிக்கைக் கலைஞர்கள் ஆங்கிலப் பெயர்களை விட்டுவிட வேண்டும் என உள்துறை ஆணையிட்டது. 'கோல்டன் பேட்' என்ற புகழ்பெற்ற சிகரெட்டின் பெயர் மாற்றப்பட்டது. 1943-இல் பேஸ்பால் ஆட்ட நடுவர் 'ஸுட்டொரைக்கு' என்று கூவக்கூடாது. 'நன்று' என்னும் பொருளுள்ள ஜப்பானியச் சொல்லையே கூற வேண்டும் என்று ஆயிற்று. அமெரிக்கர் கற்பித்த ஆட்டம் அப்படியே இருந்தது. அவர்களுடைய சொல் மட்டும் பகையாயிற்று!

அந்நாளில் 'கரே ரைஸு' என்னும் உணவுக்கும் தொல்லை வந்தது. இராணுவ வட்டாரங்களில் அதற்குக் 'காரம் கலந்து சாறு ஊற்றிய சோறு' என்னும் பொருளில் நீண்டதொரு பெயரைச் சூட்டியதாகக் கூறுவர். ஆங்கிலச் சொல் என்று கருதி அவர்கள் விரட்ட முயன்ற அந்தக் 'கரே' யாருடைய சொல்? நம் தமிழ்க் 'கறி'தான். அது ஐரோப்பியர் வாயில் புகுந்து, மெய்ஜி காலத்தில் ஜப்பானை அடைந்தது. அமெரிக்காவோடு நடந்த போரில் தமிழ்ச்சொல் ஒன்று பகைவர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எந்தச் சொல் எவருக்கு உரியது என்று முடிவு கட்ட ஆணைகளால் ஆவதில்லை.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. அதன்பின் விரைவிலேயே ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று வெளிவந்தது. 32 பக்கமே கொண்ட அச்சிறுநூல் 36 இலட்சம் படிகள் விற்றது. நேற்றுவரை பகைமொழி; இன்று பிழைப்புமொழி. பசித்த மக்கள் வெட்கப்பட நேரமில்லை.

மாளிகையில் வாழும் எழுத்தர்

அதன்பின் ஆங்கிலச் சொற்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. இவற்றில்தான் இன்றைய பயணிகள் இடறி விழுகின்றனர். 'நான் மன்ஷொனில் வசிக்கிறேன்' என்று ஓர் அலுவலக எழுத்தர் சொல்கிறார். ஆங்கிலேயர் வியக்கிறார், அவர் மொழியில் 'மேன்ஷன்' என்பது பெருஞ்செல்வரின் மாளிகை. ஜப்பானில் அது அடுக்குமாடிக் கட்டடத்தில் உள்ள ஒரு வீடு, பெரும்பாலும் சிறியது. 'அந்தப் பெண் ஸுமாட்டோ' என்றால் அறிவுள்ளவர் என்று பொருளல்ல. மெலிந்த உடலினர் என்பதே பொருள். மாணவன் 'கன்னிங்கு' செய்தான் என்றால், தந்திரசாலி என்று மெச்சிவிடக்கூடாது. தேர்வில் பார்த்து எழுதிவிட்டான் என்று வருந்த வேண்டும். வீட்டில் 'ஸுட்டோபு' இருக்கிறது என்றால் அதில் சமைக்க முடியாது. அது குளிர்காயும் கருவி.

கடைக்காரர் 'சாபிஸு' என்றால் அப்பொருள் இலவசம். காலையில் 'மோனிங்கு சாபிஸு' உண்டு என்று சிற்றுண்டிச் சாலையின் வாயிலில் எழுதியிருப்பதைக் கண்டு, காலை வழிபாடு நடக்கிறது போலும் என்று எண்ணும் வெளிநாட்டுக் கிறிஸ்தவரைப் பற்றிய வேடிக்கைக் கதை ஒன்று வழங்குகிறது. உள்ளே கிடைப்பது, காபி வாங்கியவருக்குக் கூடுதலாகத் தரும் ரொட்டியும் முட்டையும்தான்!

விருந்து மேசையில் வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துண்ணும் முறைக்கு ஜப்பானில் 'பாயிக்கிங்கு' என்று பெயர். வைக்கிங் என்போர் பழங்கால வடஐரோப்பியக் கடலோடிகள். அவர்களுக்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு? டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958-இல் வடஐரோப்பிய விருந்து முறையை அறிமுகப்படுத்தியது. அதன் மூலப்பெயர் ஜப்பானியர் நாவுக்கு எளிதில் வரவில்லை. அவ்வாண்டு திரையிடப்பட்ட வைக்கிங் படமொன்று கைகொடுத்தது. ஒரு விடுதியின் பெயர்ப்பலகை நாடெங்கும் பொதுச்சொல்லாகிவிட்டது.

சில வேளைகளில் வேடிக்கைக்குள் மானமும் கலந்திருந்தது. அலுவலகங்களில் பணிபுரிந்த பெண்களைச் சுருக்கமாக 'பி.ஜி.' என்று குறித்துவந்தனர்; 'பிசினஸ் கேர்ள்' என்பதன் முதலெழுத்துகள் அவை. ஜப்பானியரே ஆக்கிய ஆங்கிலம் இது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டி நடக்கவிருந்தது, உலகமே வரப்போகிறது. அந்நேரத்தில், இத்தொடர் அமெரிக்கர் காதில் ஒழுக்கக்கேடான பொருளைத் தரும் என்ற பேச்சு எழுந்தது. நாணயமாக உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்களுக்கு இது எத்தகைய வேதனை! 1963-இல் வானொலி நிறுவனம் அச்சொல்லைக் கைவிட்டது. பெண்கள் இதழ் ஒன்று வாசகியரிடம் வாக்கெடுப்பு நடத்தி, 'ஆபீஸ் லேடி' என்பதன் சுருக்கமான 'ஓ.எல்.' என்னும் பெயரைக் கொண்டுவந்தது.

சிரிப்பு திரும்பிய காலம்

ஜப்பானியர் ஆக்கிய ஆங்கிலத்தை ஆங்கிலம் அறிந்தோர் 'பிழை' என்று தள்ளினர். 1979-இல் சோனி நிறுவனம் நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் சிறு கருவி ஒன்றை 'வாக்மேன்' என்னும் பெயரில் வெளியிட்டது. இது ஆங்கில இலக்கணத்துக்கு ஒவ்வாத பெயர் என்ற தயக்கத்தால், தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு பெயர், பிரிட்டனில் ஒரு பெயர், சுவீடனில் ஒரு பெயர் என்று வைத்து விற்றனர். ஆனால் மக்கள் 'வாக்மேன்' என்றே கேட்டனர். இறுதியில் எங்கும் அப்பெயரே வென்றது. 1986-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் இடம்பிடித்தது. பிழையெனத் தள்ளிய சொல்லைப் பிழையறக் கற்கும் நிலை வந்தது!

'கரோக்கே' என்பதும் அவ்வாறே. 'கரா' என்றால் வெறுமை. 'ஓக்கே' என்பது 'ஆர்க்கெஸ்ட்ரா'வின் துண்டு. மேனாட்டுச் சொல்லின் துண்டு ஒன்று ஜப்பானுக்குச் சென்று, ஜப்பானியச் சொல்லை மணந்து, மேனாட்டுக்கே திரும்பிவந்தது. இன்று கைப்பேசிகளில் காணும் சிறு படங்களுக்கு 'இமோஜி' என்று பெயர். 'இமோஷன்' என்னும் தம் சொல்லிலிருந்து அது வந்ததென ஆங்கிலம் பேசுவோர் பலர் நினைக்கின்றனர். உண்மையில் 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. ஆங்கிலத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. முன்பு ஜப்பானியர் நாயை ஆமையாக்கினர். இப்போது ஆங்கிலேயர் படத்தை உணர்ச்சியாக்குகின்றனர். கணக்கு நேராகிவிட்டது.

1919-இல் ஜப்பானில் பிறந்த 'கல்பிஸ்' என்னும் பால் பானத்தின் கதையும் சுவையானது. 'கால்சியம்' என்பதன் முற்பகுதியையும், நெய்யைக் குறிக்கும் 'சர்ப்பிஸ்' என்னும் வடசொல்லின் பிற்பகுதியையும் இணைத்து, நற்பெயர் என்று நம்பிச் சூட்டினர். ஆங்கிலேயர் செவியிலோ அது பசுவின் சிறுநீரை நினைவூட்டிற்று! அமெரிக்காவில் அப்பானம் 'கல்பிகோ' என்ற பெயரில் விற்கப்படுகிறது.

சிரிப்பு நிற்கும் இடம்

இதுவரை சொன்னவை அயலார் இடறியவை. ஜப்பானியரே தம் மொழியில் இடறும்போதுதான் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

ஜப்பானில் 'கொன்சென்ட்டோ' என்றால் சுவரில் மின்கம்பியைச் செருகும் துளை. குழந்தையும் அறிந்த சொல். பிற்காலத்தில் மருத்துவமனைகளுக்குள் 'இன்ஃபோமுடோ கொன்சென்ட்டோ' என்னும் நெடுஞ்சொல் நுழைந்தது. நோயின் தன்மையையும் சிகிச்சையின் நன்மை தீமைகளையும் மருத்துவர் விளக்கிக் கூறி, நோயாளி அறிந்து இசைவு தருவதைக் குறிப்பது அது. நோயாளிக்கு விளங்கவைப்பதற்கென்றே பிறந்த முறை. அதன் பெயரே நோயாளிக்கு விளங்கவில்லை! அறுவைக்கு முன் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் இச்சொல்லைக் கேட்டு, மின்துளைக்கும் தம் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று மருண்டால், அதில் நகைக்க என்ன இருக்கிறது?

இக்குறையை அரசும் உணர்ந்தது. 2002-இல் தேசிய ஜப்பானிய மொழி ஆய்வு நிறுவனம் ஒரு குழுவை அமைத்தது. 2003 முதல் 2006 வரை நான்கு முறை பரிந்துரைகள் வெளியாயின. 176 அயற்சொற்களுக்கு எளிய மாற்றுகள் கூறப்பட்டன. மேலே சொன்ன மருத்துவச் சொல்லுக்கு, 'மனம் ஏற்கும் மருத்துவம்' என்னும் கருத்தமைந்த மாற்றைக் குழு தந்தது. ஆயினும் அயற்சொற்களின் வரவு குறையவில்லை. 2013-இல் 71 வயது முதியவர் ஒருவர், ஒலிபரப்பில் அயற்சொற்கள் மிகுந்து தமக்கு நிகழ்ச்சிகள் விளங்கவில்லை, மன உளைச்சல் ஏற்படுகிறது என்று கூறி, பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் மீது நகோயா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 14 இலட்சத்து 10 ஆயிரம் யென் இழப்பீடு கேட்டார். 2014-இல் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. செய்தியைப் படித்த உலகம் புன்னகைத்தது. தம் நாட்டில், தம் வீட்டில், தம் தாய்மொழியில் அயலாராகிப் போன ஒரு முதியவரின் மனக்குறை அந்தப் புன்னகைக்குள் மறைந்துபோயிற்று.

பேரிடர்க் காலங்களில் இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடுகிறது. 1995 ஜனவரி 17 அன்று கோபே வட்டாரத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கு வாழ்ந்த வெளிநாட்டவர் பலருக்கு அறிவிப்புகள் விளங்கவில்லை. அதன் பின்னர் 'எளிய ஜப்பானிய மொழி' என்னும் இயக்கம் வளர்ந்தது. அதன் விதிகளுள் ஒன்று சிந்திக்கத்தக்கது: அயற்சொற்களை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பது அது. ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் வெளிநாட்டவருக்கு எளிதில் விளங்கும் என்று நல்லெண்ணத்தோடு சொல்கின்றனர். ஒலியும் பொருளும் மாறிவிட்ட அச்சொல், ஆங்கிலம் அறிந்தவருக்கும் புரிவதில்லை, அறியாதவருக்கும் புரிவதில்லை. 2020-இல் கொரோனா நோய் பரவியபோதும் 'குரஸுட்டா', 'ஓபாஷூட்டோ', 'ரொக்குடவுன்' என்னும் சொற்கள் அறிவிப்புகளில் நிறைந்தன. கூட்டுத்தொற்று, தொற்றுப்பெருக்கம், நகரடைப்பு என்று ஜப்பானிய மொழியிலேயே சொல்லலாமே என அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே அப்போது கேட்டார்.

ஆகவே நாம் அறிந்துகொள்வது இது. 'மன்ஷொன்' என்பது தவறான ஆங்கிலம் அல்ல; அது சரியான ஜப்பானியம். 'ஜுபன்' தவறான அரபு அல்ல. 'கரே' தவறான தமிழும் அல்ல. குடியேறிய சொல் குடியேறிய மண்ணுக்கே உரியது. அதைப் பிறந்த வீட்டார் உரிமை கொண்டாடித் திருத்தப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த ஏமாற்றத்தை நாம் சிரித்துக் கழிக்கலாம். ஆனால் குடியேறாமலே, ஊராரோடு ஒட்டாமலே, அதிகாரத்தின் பலத்தால் மட்டும் வந்து நிற்கும் சொற்களும் உண்டு. நோயாளிக்கும் முதியவருக்கும் ஆபத்தில் சிக்கியவருக்கும் எதிரே அவை நிற்கும்போது சிரிப்புக்கு இடமில்லை. ஒரு சொல்லை அளக்க, அது எந்த நாட்டில் பிறந்தது என்று கேட்பதைவிட, கேட்பவரைச் சென்றடைகிறதா என்று கேட்பதே நேர்மையான அளவுகோல். ஜப்பானியர் இன்னும் அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தம் சொற்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்கின்றனர்.